தெருவை மூடச் சொன்ன உத்தரவு எங்கே?

பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூரில், மூன்று நாள் கோயில் திருவிழாவின் ஊர்வலம் எந்தெந்தத் தெரு வழியாகப் போகலாம் என்ற தகராறு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2011 வரை ஊரின் எல்லாத் தெருக்களிலும் போய்வந்த ஊர்வலத்துக்கு 2012இலிருந்து எதிர்ப்பு. அந்தத் தெருக்களில் வேறு மதத்தார் அதிகம் குடியிருக்கிறார்கள் என்பது காரணம். 2021இல் நீதிபதிகள் என்.கிருபாகரன், பி.வேல்முருகன் அமர்வு இதற்குத் தீர்ப்புச் சொன்னது. ஒரு பகுதியில் ஒரு மதத்தார் மிகுதியாக வசிப்பதை வைத்து, மற்றவர்களுக்குத் தெருவை மறுக்க முடியாது. இதற்கு ஆதாரமாக நீதிபதிகள் எடுத்துக்காட்டியது அரசியல் மேடையில் எவரும் பேசாத ஒரு பழைய விதி: 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் 180-ஏ பிரிவு. நகராட்சித் தெருக்கள் சாதி, மத வேறுபாடின்றி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

தீர்ப்பை ஒரு தரப்பின் வெற்றியாகக் கொண்டாடியவர்கள் உண்டு. எனக்கு அது அப்படித் தெரியவில்லை. ஊரையும் ஆட்களையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அக்ரகாரத்தின் வழியே போகும் சந்தனக்கூட்டுக்கும், ஊர்த்தெரு வழியே போக வேண்டிய காலனிக்காரர் பிணத்துக்கும், நடுத்தெருவில் செருப்புப் போட்டு நடக்கும் பிள்ளைக்கும் அதே கொள்கைதான் காவல். போலீஸ் நேரம் குறிக்கலாம், ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லலாம், ஒரு நாளைக்கு வழியை மாற்றிவிடலாம். அது ஒழுங்குபடுத்துவது. நிரந்தரமாக ‘இந்தப் பக்கம் வராதே’ என்பது வேறு.

அடிப்படையான செய்தி இதுதான். தெரு, அதில் வீடு வைத்திருப்பவர்களின் சொத்து அல்ல. அங்கே குடியில்லாதவருக்கும், அன்றைக்குத்தான் முதன்முறையாக வருபவருக்கும் அதில் அதே உரிமை. நகராட்சியில், பேரூராட்சியில், ஊராட்சியில் அது ‘உரித்தாகிறது’ என்று சட்டம் சொன்னாலும், அந்த உரித்து ஒரு பொறுப்பாளரின் உரித்து. விற்றுத் தின்னும் உரித்தல்ல. 1920 சட்டத்தின்படி, ஒரு பொதுத்தெருவை நிரந்தரமாக மூட வேண்டுமானால் நகர்மன்றத் தீர்மானம் மட்டும் போதாது, மாநில அரசின் சிறப்பு ஒப்புதலும் வேண்டும் என்றிருந்தது. மூடியதால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் தர வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் விதிகளும் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் நகராட்சிகளுக்கும், குரும்பலூர், உடையார்பாளையம் போன்ற பேரூராட்சிகளுக்கும் இப்போது அதுதான். ஊராட்சிகளுக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம். எந்தச் சட்டமானாலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி மாறாது: எந்தப் பிரிவின் கீழ், யார் கையெழுத்தில், எந்தத் தேதியில் மூடினீர்கள்?

பத்துக்கு ஒன்பது இடங்களில் இதற்குப் பதில் இருக்காது. ஏனென்றால் தெரு உத்தரவு போட்டு மூடப்படுவதே அபூர்வம். முதலில் வாசல்படி ஒரு முழம் வெளியே வரும். அப்புறம் வண்டி ஏற ஒரு சாய்தளம், அதற்குமேல் தகர ஷெட், பக்கத்தில் ஒரு விநாயகர். திருட்டு பயம் என்று குடியிருப்போர் சங்கம் இரவில் மட்டும் பூட்டும் இரும்புக் கேட் போடும். ஆறு மாதத்தில் அது பகலிலும் பூட்டியிருக்கும். கேட்டால், ‘இது எங்க தெரு சார்’ என்பார்கள்.

அரியலூர் பக்கம் இன்னொரு வகை உண்டு. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டும் சுரங்கம் விரிய விரிய, காட்டுக்கும் கொல்லைக்கும் போய்வந்த வண்டிப்பாதை கம்பிவேலிக்குள் போய்விடும் அபாயம். இதற்கென்றே மத்திய அரசின் கனிமச் சலுகை விதிகளில் ஒரு வரி இருக்கிறது. பொதுச் சாலையிலிருந்து 50 மீட்டருக்குள் அனுமதியின்றித் தோண்டக் கூடாது. கிராமச் சாலையானால் 10 மீட்டர். ‘கிராமச் சாலை’ என்பதில், வருவாய் ஆவணத்தில் அப்படிக் காட்டப்பட்ட தடமும் அடங்கும் என்று 1960ஆம் ஆண்டு விதி சொன்னது. தார் போட்டிருக்க வேண்டியதில்லை, மாட்டுவண்டி போன தடம் பதிவேட்டில் இருந்தால் போதும். பதிவேட்டில் இல்லையென்றால்? அங்கேதான் ஏழை விவசாயி தோற்கிறார்.

பாதை மூடப்பட்டால் முதலில் சிக்குவது ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும். அடுத்து, சுற்றிப்போக நேரமில்லாத பள்ளிப் பிள்ளைகள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கியதை நாடே பார்த்தது. சுடுகாட்டுக்குப் போகும் வழி தனியார் நிலத்தில் இருந்தது, வழி விடவில்லை. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. உத்தபுரத்தில் 1989 சாதிக் கலவரத்துக்குப் பின் தலித்துகளின் வழியை மறித்து எழுந்த சுவரில் 2008 மே மாதம்தான் ஒரு வழி திறக்கப்பட்டது. 1924இல் தொடங்கிப் பெரியார் சிறை சென்ற வைக்கம் போராட்டத்தைக் கோயில் நுழைவுப் போராட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக நடந்தது அது. அந்தச் சண்டையின் பயனை அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவில் பார்க்கலாம்: அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும், அல்லது பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்ட சாலைகளை மதம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக எவருக்கும் மறுக்க முடியாது.

மூடுவதெல்லாம் தப்பு என்று சொல்ல வரவில்லை. சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். வண்டிக்கு இடம் குறைந்தது, மனிதருக்குக் கூடியது. பாதாளச் சாக்கடைக்காகச் சில வாரம் மூடுவதும் நியாயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆவது பிரிவில், பொதுப் பாதுகாப்புக்காக வண்டிகளைத் தடுக்க இடமிருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அரசிதழில் அறிவிக்க வேண்டும். ராணுவக் கன்டோன்மென்ட் பகுதிகளுக்கே இந்த ஒழுங்கு உண்டு. 2006ஆம் ஆண்டுக் கன்டோன்மென்ட் சட்டத்தின் 258ஆவது பிரிவு, தெருவை நிரந்தரமாக மூடுமுன் பொது அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை கேட்கச் சொல்கிறது. இது பின்பற்றப்படாமல் செகந்திராபாத் முதலிய இடங்களில் மூடிய சாலைகளைத் திறக்கச் சொல்லி 2018 மே மாதம் பாதுகாப்பு அமைச்சகம் உத்தரவிட்டது. துப்பாக்கி வைத்திருப்பவர்களே அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றால், குடியிருப்போர் சங்கத்துக்கு மட்டும் விலக்கு எங்கிருந்து வந்தது? போராடுபவர்களுக்கும் இது பொருந்தும். ஷாஹீன் பாக் வழக்கில், 2020 அக்டோபரில், பொதுவழியைக் காலவரம்பின்றி அடைத்துப் போராட முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

இனி உங்கள் தெரு. மனு எழுதுமுன் ஒரு காரியம் செய்யுங்கள்: அது உண்மையில் பொதுத்தெருதானா என்று பாருங்கள். நாற்பது வருஷமாக நடக்கிறோம் என்பது நியாயம்தான், ஆனால் ஆவணம் ஆகாது. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்க்கலாம். நகரப் பகுதியானால் நகர நில அளவைப் பதிவேடு. அந்த சர்வே எண்ணுக்கு நேராகத் தெரு, பாதை, வண்டிப்பாதை, புறம்போக்கு என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. மனை விற்ற லேஅவுட்டானால் அங்கீகார வரைபடத்தைத் தேடுங்கள். சாலைக்கு ஒதுக்கிய இடத்தை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். அந்த இடத்தை அதே ஆள் மறுபடி மனையாக விற்கும் வித்தை எங்குமே புதிதல்ல.

பட்டா நிலம் என்று வந்தால் கதை வேறு. முதலில் சந்தேகப்படுங்கள். 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பழைய பாதைகள் பக்கத்து நிலத்தோடு சேர்ந்துபோன இடங்கள் உண்டு. அதற்கு முந்தைய ஆவணத்தின் நகலை எடுத்து ஒப்பிட்டு, பிழை தெரிந்தால் மாவட்ட வருவாய் அலுவலரிடம் திருத்தம் கேட்கலாம். பழைய ஆவணத்திலும் தனியார் நிலமேதானா? அப்போது பொதுத்தெரு என்று வாதாடினால் தோற்பீர்கள். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் வேறு கதவு வைத்திருக்கிறது. ஒளிவுமறைவின்றி, அனுமதி கேட்காமல், உரிமையாக, தடையின்றி 20 ஆண்டு நடந்திருந்தால் அந்த வழியில் உங்களுக்கு உரிமை. ஒரே நிலத்தைப் பாகம் பிரித்ததில் உங்கள் பங்குக்கு வேறு வழியே இல்லாமல் போனால் அவசிய வழியுரிமை. இரண்டையும் உரிமையியல் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும்.

மனு எழுதும்போது ‘தெருவை ஆக்கிரமித்துவிட்டார்கள், நடவடிக்கை எடுக்கவும்’ என்று மட்டும் எழுதினால் அது கலெக்டர் அலுவலகத்திலிருந்து தாசில்தாருக்கும், அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊர்சுற்றிவிட்டு ‘விசாரணையில் உள்ளது’ என்று திரும்பும். சர்வே எண், உட்பிரிவு, ஆவணத்தில் தெருவின் அகலம், இன்று மிச்சமிருக்கும் அகலம், மூடிய தேதி, படம் எல்லாம் வேண்டும். கோரிக்கை ஒன்றே ஒன்று: சர்வேயரை அனுப்பி அளந்து அத்து காட்டி, ஆக்கிரமிப்பை அகற்றுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நகராட்சி ஆணையருக்கு ஒரு நகல். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, மூடுவதற்கான தீர்மானத்தின் நகலையும் அரசு உத்தரவின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ‘அப்படி ஆவணம் ஏதும் இல்லை’ என்று வரும் பதில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல பதில்களில் ஒன்று, பத்திரப்படுத்துங்கள்.

அரசுப் புறம்போக்கில் கட்டியவரை வெளியேற்ற 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் போதும். 7ஆவது பிரிவில் நோட்டீஸ், 6ஆவது பிரிவில் வெளியேற்றம். ஆனால் பாதையை உடனே திறக்க நான் முதலில் தட்டச் சொல்வது கோட்டாட்சியர் கதவை. பெரம்பலூரில் ஒரு கோட்டம், அரியலூர் மாவட்டத்தில் அரியலூர், உடையார்பாளையம் என்று இரண்டு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவு, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133, பொதுவழியிலுள்ள தடையை அகற்ற நிபந்தனை உத்தரவு போடும் அதிகாரத்தை அவருக்குத் தருகிறது. விசாரணையை 90 நாளில், மிஞ்சிப்போனால் 120 நாளில் முடிக்க வேண்டும் என்று புதிய சட்டம் கெடுவும் வைத்திருக்கிறது. ஒரு சிக்கல்: எதிராளி ‘இது பொதுவழியே அல்ல’ என்று மறுத்து நம்பகமான சான்றும் காட்டினால், கோட்டாட்சியர் நிறுத்திக்கொண்டு சிவில் கோர்ட்டுக்கு வழிவிட வேண்டும். அ-பதிவேட்டு நகல் உங்கள் கையில் முதலில் இருக்க வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான்.

பாதையை மறித்தவர்மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆவது பிரிவில் வழக்கு உண்டு, அபராதம் 5,000 ரூபாய் வரை. பழைய சட்டத்தில் 200 ரூபாய். ஒரு லாரி ஜல்லி விலைக்குக்கூடக் காணாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வழி மறுக்கப்பட்டால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே சிறைத் தண்டனை. ‘ஊர்ப் பேச்சுவார்த்தையில் முடித்துக்கொள்வோம்’ என்பதை ஏற்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆவது பிரிவில், தனிப்பட்ட இழப்பு இல்லாவிட்டாலும், இரண்டு பேர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியுடன் வழக்குப் போடலாம். ரிட் மனு என்றால் பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்தார் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். திருச்சி பக்கத்தில்தானே இருக்கிறது என்று மதுரைக் கிளையை நினைப்பவர்கள் உண்டு; இந்த இரு மாவட்டங்களும் அதன் எல்லையில் இல்லை.

செய்யக் கூடாதது ஒன்று: இரவோடு இரவாக ஆள் திரட்டிச் சுவரை இடிப்பது. சுவர் சட்டவிரோதமாகவே இருந்தாலும் மறுநாள் முதல் தகவல் அறிக்கையில் உங்கள் பெயர்தான் இருக்கும். அதன்பின் வழக்கு தெருவைப் பற்றியதாக இராது, உங்களைப் பற்றியதாகிவிடும்.

காத்திருப்பதும் ஆபத்து. பொதுத்தெருவை இழந்த உள்ளாட்சி அமைப்பு அதை மீட்க வழக்குப் போட, 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் 30 ஆண்டு தருகிறது. நீண்ட காலம்தான். ஆனால் முப்பது ஆண்டில் தெருவைப் பார்த்த சாட்சிகள் போய்விடுவார்கள், கோப்பு கரையான் தின்றிருக்கும். சுவர் எழும்பும்போதே ஆட்சேபணை எழுதித் தேதியோடு கொடுத்துவிடுவது நல்லது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.