குடும்ப வைத்தியரின் களைப்பு

ஒரு நோயாளி எழுந்து சென்ற கதவு மூடுமுன்பே அடுத்தவர் உள்ளே வந்துவிடுகிற சிறிய அறையில், காலை முதல் மாலை வரை அமர்ந்திருக்கும் குடும்ப வைத்தியரின் உழைப்பு தனி ரகமானது. நிபுணரிடம் செல்பவர் இன்ன உறுப்பில் இன்ன கோளாறு என்று ஓரளவு தெரிந்துகொண்டே செல்கிறார். குடும்ப வைத்தியரிடம் வருபவரோ, தலைவலியோடு மகனுக்கு வேலை கிடைக்காத துயரத்தையும், வயிற்றெரிச்சலோடு மணவாழ்வின் கசப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறார். எதற்கு மருந்து எழுதுவது, எதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது என்று சில நிமிஷங்களுக்குள் தீர்மானித்தாக வேண்டிய அவர், வருஷங்கள் செல்லச் செல்ல உள்ளூர வறண்டுபோவதில் ஆச்சரியமில்லை.

ஓர் இரவு நன்றாகத் தூங்கினால் தீர்ந்துபோகிற களைப்பு அன்று இது. அமெரிக்க மனோதத்துவ அறிஞர் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 1981இல் வெளியிட்ட அளவுகோல், இந்தப் பணிச்சோர்வின் மூன்று முகங்களைக் காட்டுகிறது: மனத்தின் ஈரம் வற்றிப்போதல், எதிரே இருக்கும் மனிதரை வெறும் 'கேஸ்' என்று காணத் தொடங்குதல், தம் உழைப்பால் பயனொன்றும் இல்லையென்று நம்பிவிடுதல். இரண்டாவதுதான் எனக்கு மிகவும் அஞ்சத்தக்கதாகத் தோன்றுகிறது. அதன் துன்பத்தை நோயாளியும் சேர்ந்தல்லவா அநுபவிக்கிறார்!

வைத்தியர்களுக்கான தொடர்கல்வி என்றதும், புதிய மருந்துகளைப் பற்றி நிபுணர் ஒருவர் நிகழ்த்தும் மாலைநேரப் பிரசங்கமே பலருக்கு நினைவு வரும். அதனால் அறிவு வளர்வது மெய்யே. ஆயினும், நாள் முழுவதும் பிறர் துயரைக் கேட்டவர் அங்கேயும் மௌனமாகக் கேட்டுவிட்டே வீடு திரும்புகிறார். வேறொரு வழியைக் காட்டியவர் மைக்கேல் பாலின்ட். புடாபெஸ்டில் ஒரு குடும்ப வைத்தியரின் மகனாகப் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய இந்த மனோதத்துவ வைத்தியர், 1950களில் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் குடும்ப வைத்தியர்களைச் சிறு குழுவாகக் கூட்டி, அவரவர் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் நோயாளியைப் பற்றிக் குறிப்பேட்டின் துணையின்றிப் பேசச் செய்தார். அந்த நோயாளியைக் கண்டபோது எழுந்தது எரிச்சலா, அச்சமா என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சகாக்கள் சிரத்தையோடு கேட்பார்கள். வைத்தியரே மிக அதிகமாகப் பிரயோகிக்கப்படும் மருந்து என்ற அபிப்பிராயத்தை, அவ்வநுபவத்திலிருந்து பிறந்த அவருடைய 1957ஆம் வருஷத்து நூல் முன்வைத்தது.

அம்மருந்தின் வீரியம் குன்றாமல் காக்க முயன்ற ஒரு பாடத்திட்டத்தைப் பற்றி, நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரத்து அறிஞர்கள் 2009இல் எழுதினார்கள். எழுபது குடும்ப வைத்தியர்கள், எட்டு வாரங்கள் வாரத்துக்கு இரண்டரை மணி நேரமும், இடையே ஒரு முழு நாளும், அதன்பின் பத்து மாதங்கள் மாதம் ஒரு முறையுமாகக் கூடினார்கள். தியானம் பயின்றார்கள், தொழிலில் தம்மைத் தொட்ட அநுபவங்களை எழுதி ஒருவருக்கொருவர் சொன்னார்கள். 54 வரை செல்லும் மாஸ்லாக் அளவுகோலில் அவர்களுடைய மனவறட்சியின் சராசரி 26.8இலிருந்து 20.0க்கு இறங்கியது. விரும்பி வந்தவர்களே அவர்கள் என்பதையும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை என்பதையும் மறக்கலாகாது.

ஒப்பிட வேறு குழு இல்லாத குறையை நீக்கிய பரிசோதனை, பெயர் ஒன்றாயினும் வேறு மாநிலமான மின்னசோட்டாவிலுள்ள ராச்செஸ்டரில், மேயோ கிளினிக்கில் நடந்தது. 2014இல் அதன் முடிவுகள் வெளியாயின. 74 வைத்தியர்களை இரு பிரிவாக்கி, இரு வாரங்களுக்கொரு முறை ஒரு மணி நேரத்தைச் சம்பளத்தோடு இருசாராருக்கும் ஒதுக்கினார்கள். ஒரு பிரிவினர் அதை விருப்பம்போல் செலவிட்டனர். மற்றவர் குழுவாகக் கூடிப் பேசினர். நோயாளியை மனிதராகக் காணாத மனப்பாங்கு, கூடிப் பேசியவர்களிடம் குறைந்தது. ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நிலைத்திருந்தது. வெறும் ஓய்வு மட்டும் அதைத் தந்துவிடவில்லை.

நோயாளிகளின் கூட்டத்தையும் எழுதித் தீர்க்கவேண்டிய காகிதங்களையும் எந்தப் படிப்பும் குறைத்துவிடாது; அவற்றைக் குறைப்பது ஆஸ்பத்திரி நிர்வாகிகளின் கடமை. இரவில் வீட்டில் உட்கார்ந்து முடிக்கவேண்டிய இன்னொரு பாரமாக இக்கல்வியை வைத்தியரின் தலையில் ஏற்றாமல், வேலை நேரத்திலிருந்தே அந்த ஒரு மணியை எடுத்துக் கொடுத்து, அப்போது வரும் நோயாளிகளைக் கவனிக்க வேறொருவரை நியமிப்பதும் அவர்களுடைய பொறுப்பே.