கேத்தலில் வெள்ளைப் பொருக்கா? தண்ணீரைச் சுடவைப்பதை நிறுத்தாதீர்கள்

"கேத்தலுக்குள்ள சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா ஒட்டிக் கிடக்குது. அந்தத் தண்ணிய குடிச்சா வயித்துல கல்லு வராதா?" என்று தாய்மார் பலர் கேட்கிறார்கள். இந்தப் பயத்தில் தண்ணீரைச் சுடவைப்பதையே விட்டுவிட்டு, பீலித் தண்ணீரை அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்களும் உண்டு. பொருக்கு ஆபத்தானது அல்ல. சுடவைக்காத தண்ணீர்தான் ஆபத்தானது.

இது எங்கிருந்து வருகிறது?

மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயு அதில் கலந்து லேசான புளிப்பு ஏறுகிறது. போகும் வழியில் சுண்ணாம்புக்கல் இருந்தால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு வருகிறது. கண்ணுக்குத் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். சுடவைத்ததும் அந்த வாயு வெளியே போய்விடும். கரைந்திருந்த சுண்ணாம்பு கல்லாகி, கேத்தலின் அடியிலும் கொயிலிலும் ஒட்டிக்கொள்ளும்.

மலையகத்தில் பெரும்பாலும் கடும்பாறைதான். ஆகவே பல தோட்டங்களில் ஊற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு. மாத்தளை, திகன போன்ற பக்கங்களில் சுண்ணாம்புக்கல் படுகைகள் இருப்பதால் அங்கே கூடுதலாக இருக்கலாம். வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய நம் உறவுக்காரர்களின் வீட்டுக் கேத்தலைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அங்கே கிணற்றுத் தண்ணீர் கடினமானது.

சுண்ணாம்புதானா என்று பாருங்கள்

ஒட்டியிருப்பதெல்லாம் சுண்ணாம்பு அல்ல. ஆறிய கேத்தலில் அந்த இடத்தில் இரண்டு சொட்டு தேசிக்காய்ச் சாறு விடுங்கள். சின்னச் சின்ன நுரை பொங்கினால் அது சுண்ணாம்பு. நுரை வராமல் செந்நிறமாக இருந்தால் துருவாகவோ சேறாகவோ இருக்கலாம். அப்படியானால் கேத்தலைக் கழுவினால் மட்டும் போதாது. தண்ணீர்த் தாங்கியையும் குழாயையும் பார்க்க வேண்டும். தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அதுவரை தண்ணீரைத் தெளியவிட்டு, சுத்தமான துணியை நாலாக மடித்து வடிகட்டி, பிறகு கொதிக்க வையுங்கள்.

குடித்தால் கல்லு வருமா?

கேத்தலில் இருந்து உதிரும் பொருக்கு வயிற்றில் போய்க் கல்லாக நிற்பதில்லை. நம் எலும்பிலும் பல்லிலும் இருக்கும் அதே கல்சியம்தான் இதிலும் இருக்கிறது. சிறுநீரகக் கல்லுக்கு ஒரு முக்கிய காரணம் தண்ணீர் போதாமல் குடிப்பது. காலையில் ஒரு தேத்தண்ணியோடு மலைக்கு ஏறி, மத்தியானம் வரை வெயிலில் நின்று கொழுந்து எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சுட்டாறிய தண்ணீரை ஒரு போத்தலில் கையோடு கொண்டு போங்கள். விலாவில் கடும் வலி இருந்தாலோ சிறுநீரில் இரத்தம் கண்டாலோ உடனே வைத்தியரிடம் போங்கள்.

சுடவைக்காத தண்ணீரால் வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், மஞ்சள் காமாலை வரலாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கிருமி சாவதற்கு அந்தச் சூடு போதும். ஆனாலும் அடுப்பில் வைக்கும்போது தளதளவென்று 3 நிமிடம் கொதிக்க விடுவது நல்லது.

அப்படியென்றால் நட்டம் எதில்?

நட்டம் கேத்தலுக்கும் உங்கள் பணத்துக்கும்தான். மழைக்குக் கம்பளி போர்த்தினால் குளிர் உள்ளே வராது அல்லவா? அதுபோல பொருக்கு படிந்த கொயிலில் இருந்து சூடு தண்ணீருக்குச் சீக்கிரம் போகாது. கொயில் அளவுக்கு மீறிச் சூடாகி எரிந்துபோகும். 1500 வாட் கரண்ட் கேத்தல் ஒன்று 1 லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்க 4 முதல் 5 நிமிடம் எடுக்கும். உங்கள் கேத்தல் முன்னை விட அதிக நேரம் எடுத்தால் உள்ளே பாருங்கள்.

சுத்தம் செய்யும் முறை

1. கேத்தலில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, 2 அல்லது 3 தேசிக்காயின் சாற்றைப் பிழியுங்கள். வினாகிரி என்றால் ஒரு கோப்பை போதும்.
2. ஒரு கொதி வந்ததும் சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.
3. ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள். அலுமினியக் கேத்தல் என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். புளிப்பு அலுமினியத்தையே அரித்துவிடும்.
4. ஊற்றிவிட்டு, மெதுவான துணியால் துடைத்து, மூன்று தடவை அலசுங்கள்.
5. வெறும் தண்ணீரை ஒரு தடவை கொதிக்க வைத்துக் கொட்டிவிடுங்கள். கெட்டியான பொருக்கு என்றால் அடுத்த நாளும் இதையே செய்யுங்கள்.

வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டர் கொயிலையும் இதே புளிப்புத் தண்ணீரில் ஊறவைக்கலாம். பிளக்கைக் கழற்றி, நன்றாக ஆறிய பிறகுதான் செய்ய வேண்டும். கைபிடிப் பகுதி நனையக்கூடாது. கொயிலில் வெடிப்புத் தெரிந்தால் அதைப் பாவிக்கவே வேண்டாம். தண்ணீரில் கரண்ட் இறங்கும். ஹீட்டர் போட்டிருக்கும்போது தண்ணீரில் விரல் வைத்துச் சூடு பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இரும்பு வாளியும் வேண்டாம்.

செய்யக் கூடாதவை

• கத்தியாலோ கம்பியாலோ சுரண்ட வேண்டாம்.
• கக்கூஸ் கழுவும் அசிட்டையோ பற்றரி அசிட்டையோ கேத்தலில் ஊற்ற வேண்டாம். கக்கூஸ் அசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் நச்சுப் புகை கிளம்பும்.
• அசிட்டைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் தாகத்துக்கு எடுத்துக் குடித்துவிடுவார்கள்.
• கரண்ட் கேத்தலைப் பீலியில் முக்கிக் கழுவ வேண்டாம்.

பொருக்கு சீக்கிரம் படியாமல் இருக்க, தேவையான அளவு தண்ணீரை மட்டும் சுடவையுங்கள். மிச்சத் தண்ணீரை இரவில் கேத்தலில் விட்டுவைக்காமல், மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, காலையில் மலைக்குப் போகும்போது போத்தலில் எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை கேத்தலைத் திறந்து பாருங்கள். இரண்டு தேசிக்காயின் செலவோடு கேத்தலும் நிலைக்கும், வீட்டிலுள்ளவர்களுக்குச் சுட்டாறிய தண்ணீரும் தவறாமல் கிடைக்கும்.