கல்வராயன் மலைக்கு மேலே கருந்தூசி

கள்ளக்குறிச்சி நகருக்குள் நின்று பால்வீதியைத் தேடினால் கிடைக்காது, விளக்கொளியில் கரைந்துபோயிருக்கும். கல்வராயன் மலையேறி, வெள்ளிமலையோ கரியாலூரோ தாண்டி, விளக்கில்லாத இடத்தில் இருபது நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். பங்குனி அமாவாசையை ஒட்டி, விடிகாலை 4 மணிக்கு விருச்சிகம் தெற்கே நல்ல உயரத்தில் நிற்கும். அதன் வாலருகே அகன்று ஒளிரும் பால்வீதியின் நடுவில் ஒரு கறுப்புப் பிளவு, வடகிழக்கே திருவோணம் தாண்டியும் நீளும்.

அந்தப் பிளவு வெற்றிடம் அல்ல. பின்னால் நட்சத்திரங்கள் இருக்கின்றன; முன்னால் தூசி மறைக்கிறது. இருள் நெபுலா என்பது இதுதான். 18-ஆம் நூற்றாண்டில் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் இத்தகைய இடங்களை வானத்து ஓட்டைகள் என்றே நினைத்தார். பின்னாளில் வானியலாளர் எட்வர்ட் எமர்சன் பர்னார்டுக்கும் அவை ஓட்டைகளா, மறைக்கும் மேகங்களா என்று நெடுநாள் சந்தேகம்தான். 1913 கோடையில் ஓர் இரவு, அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் தனுசுப் பகுதியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். சாதாரண மேகத் துணுக்குகள் சில பால்வீதியின் குறுக்கே, மைத்துளிகள் போல் கறுப்பாகத் தெரிந்தன. வானத்துக் கரும்பகுதிகளும் இப்படி முன்னால் நின்று மறைப்பவையே என்று அவருக்குத் தோன்றியது. 1919-இல் அவர் 182 கரும்பகுதிகளின் பட்டியலை வெளியிட்டார்.

அவற்றில் 68-ஆவது எண்ணுக்குரியதன் அகலம் அரை ஒளியாண்டு. உள்ளே குளிர் சுமார் மைனஸ் 263 டிகிரி. பெரும்பகுதி ஹைட்ரஜன் வாயு. எடையில் நூற்றில் ஒரு பங்குதான் தூசி. அந்தத் துகள்கள் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறிக்க அதுவே போதும். அலைநீளம் கூடிய அகச்சிவப்புக் கதிர் அவற்றைக் கடந்து வந்துவிடும். சிலி நாட்டிலுள்ள ஐரோப்பியத் தொலைநோக்கி அப்படிப் படமெடுத்தபோது, மறைந்திருந்த நட்சத்திரங்கள் அத்தனையும் வெளிப்பட்டன. இத்தகைய குளிர்மேகங்கள் தம் எடையாலேயே சுருங்கித்தான் புதிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன.

கல்வராயனுக்கென்று தனிப் பேறு ஒன்று உண்டு. தென்சிலுவைக்குப் பக்கத்தில், சுமார் 600 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் ‘நிலக்கரிப் பை’ என்னும் இருள் நெபுலா டெல்லியில் தொடுவானத்திலேயே புதைந்துபோகும். இங்கே மார்ச் கடைசியில், நள்ளிரவு தாண்டி 1 மணிவாக்கில் நேர் தெற்கே 15 டிகிரி உயரத்துக்கு வரும். நீட்டிய கையில் ஒன்றரை முஷ்டி. இப்படித் தென்வானம் எட்டுவது, வடக்கே ஜவ்வாது மலைக் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமையவும் ஒரு காரணம்.

இடைஞ்சல், தெற்கே ஆத்தூர், சின்னசேலம் பக்கத்து வெளிச்சம். அதை மறைக்கும் தாழ்ந்த மேடு ஒன்றுக்கு வடபுறமாக நின்று பாருங்கள். மலைமேல் புதிதாக நடும் தெருவிளக்குகளுக்காவது மூடி போட்டு, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி அமைக்க வேண்டும், செலவு பெரிதில்லை.