நகரத்தார் வணிகத்தில் நாணயமும் நற்பெயரும்

தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று சொன்ன சொல் தவறாமை. செட்டிநாட்டு நாட்டுக்கோட்டை நகரத்தார் சமூகத்தினர் 19, 20 ஆம் நூற்றாண்டுகளில் இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர் முதலிய இடங்களில் நடத்திய கடல்கடந்த வட்டித்தொழில், இவ்விரு பொருள்களும் ஒன்றாகச் சேர்ந்த ஓர் அமைப்பாகும். ஒருவருடைய நற்பெயர் எவ்வளவோ அவ்வளவே அவருக்குக் கிடைக்கும் கடன். அந்தக் கடன் எவ்வளவோ அவ்வளவே அவர் செய்யக்கூடிய தொழில். அந்த நற்பெயர் எவ்வாறு அளக்கப்பட்டது, எவ்வாறு பணமாக மாறியது, எங்கே அது பயன்படாமல் போனது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

காரைக்குடி, தேவகோட்டை முதலிய ஊர்களைக் கொண்ட செட்டிநாடு மழை குறைந்த வறண்ட நிலம். இங்கு வாழ்ந்த நகரத்தார் தொடக்கத்தில் உப்பு முதலிய பொருள்களை வாங்கி விற்றவர்கள். ஆங்கிலேயர் ஆட்சி கடல் கடந்து விரிந்தபோது இவர்களுடைய தொழிலும் உடன் விரிந்தது. 1852 இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1869 இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகள் நெல்வயல்களாக மாறின. காட்டைத் திருத்தவும் விதைக்கவும் உழவர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்தனவே தவிர, சிற்றூர் உழவரிடம் செல்லவில்லை. அந்த இடைவெளியை நகரத்தார் நிரப்பினர். 1929-30 இல் அமைந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவற்றின் மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது.

ஒன்பது கோயில்கள்

நற்பெயரை அளக்க வேண்டுமானால், யாருடைய பெயர் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். நகரத்தார் அனைவரும் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது கோயில்களுள் ஒன்றைச் சேர்ந்தவர்கள். மணமான ஒரு தம்பதி ஒரு 'புள்ளி' எனக் கணக்கிடப்பட்டுக் கோயிலில் பதிவு செய்யப்படும். திருமணத்தின்போது இரு வீட்டாருடைய கோயில்களிலிருந்தும் மாலை வரவேண்டும். அவ்வாறு வந்தால்தான் அத்திருமணம் சமூகத்தால் ஏற்கப்பட்டதாகும்.

இது வெறும் சமயச் சடங்கு அன்று. ஆயிரம் கல் தொலைவில் இரங்கூனில் கடன் கேட்கும் ஒருவர் எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீட்டுப் பிள்ளை, எங்கே பெண் எடுத்தவர் என்பதைச் சில கேள்விகளில் அறிந்துகொள்ள இந்தப் பதிவு உதவியது. ஏமாற்றிவிட்டு ஓடுபவர் கடைசியில் ஓடிவந்து சேரவேண்டிய ஊரும் இதுவே. கடன் பத்திரத்தில் எழுதப்படாத பிணை இதுதான்.

விலாசம்

ஒவ்வொரு கடைக்கும் ஒரு 'விலாசம்' உண்டு. இது முகவரியைக் குறிப்பதன்று. பாட்டனார், தந்தையார், உரிமையாளர் ஆகியோருடைய பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்த தொழிற்பெயர். விலாசத்தைக் கேட்டதும் அந்தக் குடும்பத்தின் இரண்டு மூன்று தலைமுறை வரவு செலவு கேட்பவருடைய நினைவுக்கு வரும். நல்ல விலாசம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சொத்து. அதைக் கெடுத்தவர் தமக்கு மட்டுமன்றித் தம் மக்களுக்கும் கடன் வாயிலை அடைத்தவராவார்.

பெட்டியடியிலிருந்து மேலாள் வரை

நற்பெயர் பிறப்பால் மட்டும் வந்துவிடவில்லை. அதைத் தொழிலில் ஈட்ட வேண்டியிருந்தது. கடைக்குச் செல்லும் சிறுவன் முதலில் 'பெட்டியடிப் பையன்' ஆவான். முதலாளியின் கணக்குப் பெட்டிக்கு அருகில் அமர்ந்து எடுபிடி வேலை செய்துகொண்டே கணக்கெழுதக் கற்பான். பின்னர் 'அடுத்தாள்' எனப்படும் உதவியாளர் ஆவான். இறுதியில் முதலாளியின் சார்பில் கடையையே நடத்தும் 'மேலாள்' ஆவான். மேலாளை முகவர் அல்லது ஏஜெண்ட் என்றும் கூறுவர்.

மேலாள் வழக்கமாக மூன்று ஆண்டுத் தவணைக்கு அனுப்பப்பட்டார். அவருடைய சம்பளமும் கடமையும் 'சம்பளச் சீட்டு' என்ற ஒப்பந்தத்தில் எழுதப்படும். தவணை முடிந்ததும் அவர் ஊர் திரும்புவார். அவருடைய இடத்துக்கு வேறொருவர் செல்வார். இலாபத்தில் மேலாளுக்கு ஒரு பங்கும் உண்டு. அது பெரும்பாலும் பத்தில் ஒன்றாக இருந்தது. நன்றாக நடத்தியவர் அந்தப் பணத்தையும் ஈட்டிய பெயரையும் கொண்டு தாமே கடை வைக்க முடிந்தது. தவணை முறையில் வேறொரு நன்மையும் இருந்தது. புதிய மேலாள் பொறுப்பேற்கும்போது பழைய ஏடுகளைச் சரிபார்த்தே பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதால் தவறுகள் நெடுங்காலம் மறைந்திருக்க முடியவில்லை.

நாள்தோறும் நடந்த வரவு செலவு குறிப்பேட்டிலும், ஆள்வாரிக் கணக்கு பேரேட்டிலும் எழுதப்பட்டன. சொத்தையும் கடனையும் காட்டும் 'ஐந்தொகை' ஊரிலுள்ள முதலாளிக்கு அனுப்பப்பட்டது. கடல் கடந்த கடையை முதலாளி நேரில் காணாமலே அறிந்துகொண்டது இந்த ஐந்தொகையின் வழியாகத்தான்.

நற்பெயர் பணமாக மாறும் முறை

ஒரு கடையின் பணம் பல வழிகளில் வந்தது. உரிமையாளர்கள் இட்டது 'முதல் பணம்'. நகரத்தார் பெண்களின் சீதனப் பணமும் கடைகளில் வைப்பாக இடப்பட்டது. அது 'ஆச்சிமார் பணம்' எனப்பட்டது. கோயில்களின் பணமும் வைப்பாக வந்தது. இவை தவிர, கடைகள் தமக்குள்ளும் கடன் வாங்கின. இந்த ஏற்பாட்டின் நடுவில் இருந்தவர்கள் 'அடத்தி' கடைக்காரர்கள். மிகுந்த செல்வமும் பெயரும் உடைய இவர்கள் பிற கடைகளின் வைப்பை ஏற்று, வேண்டியவர்களுக்குக் கடன் அளித்தனர். ஐரோப்பிய வங்கிகளும் பெயர்பெற்ற செட்டியார்களின் கையொப்பத்தை நம்பியே கடன் கொடுத்தன.

நகரத்தார் தமக்குள் வாங்கும் கடனுக்கான வட்டியைத் தனியொருவர் முடிவு செய்யவில்லை. இரங்கூனில் மொகல் தெருவிலிருந்த செட்டியார் கோயிலில் ஒவ்வொரு தமிழ் மாதமும் 16 ஆம் நாள் மாலை கூடி, 'நடப்பு வட்டி' என்னும் விகிதத்தை நிர்ணயித்தனர். முருகன் கோயிலே வணிகக் கூடமாகவும் இருந்தது. சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவிலிருந்த 'கிட்டங்கி'களில் பல மேலாள்கள் ஒரே நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியுடன் அமர்ந்து தொழில் செய்தனர். அங்கு 1859 இல் எழுப்பப்பட்ட தண்டாயுதபாணி கோயில் அவர்கள் கூடும் இடமாயிற்று.

எடுத்துக்காட்டாக, இரங்கூனில் உள்ள ஒரு கடைக்கு நாற்று நடும் காலத்தில் பத்தாயிரம் ரூபாய் உடனே தேவைப்படுகிறது எனக் கொள்வோம். மேலாள் அடத்தி கடைக்குச் சென்று கேட்கிறார். நிலப்பத்திரமோ நகையோ கேட்கப்படுவதில்லை. விலாசம் நல்லதா, முந்தைய தவணைகள் நாளில் தீர்ந்தனவா, அவருடைய உண்டியல் எங்கேனும் திரும்பியதா என்பவை மட்டுமே பார்க்கப்படும். 'உண்டியல்' என்பது ஓர் ஊரில் பணம் கட்டி வேறோர் ஊரில் பெற்றுக்கொள்ள எழுதப்படும் சீட்டு. கண்டவுடன் பணம் தரவேண்டியது தர்சனி உண்டியல். அதற்குப் பணம் தராமல் ஒருமுறை திருப்பினால், அச்செய்தி கூடத்தின் ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்குப் போய்ச்சேர நெடுநேரம் ஆகாது. ஈட்டுவதற்கு மூன்று தலைமுறை பிடித்த பெயர் ஒரே நாளில் போய்விடும்.

விளையாட்டுகளுடன் ஒப்பீடு

கடற்கொள்ளையரைப் பற்றிய கணினி விளையாட்டுகளில் இதைப் போன்ற ஓர் அமைப்பைக் காணலாம். 1987 இல் வெளிவந்த 'சிட் மேயர்ஸ் பைரேட்ஸ்' விளையாட்டில் இங்கிலாந்து, பிரான்சு, ஸ்பெயின், நெதர்லாந்து என்ற நான்கு நாடுகளிடமும் விளையாடுபவருக்குத் தனித்தனி மதிப்பு உண்டு. ஒரு நாட்டின் கப்பலைக் கொள்ளையிட்டால் அந்நாடு பகையாகும். அதன் எதிரி நாடு மகிழ்ந்து பதவியும் நிலமும் தரும். 2018 இல் வந்த 'சீ ஆஃப் தீவ்ஸ்' விளையாட்டில் ஒவ்வொரு வணிகக் குழுவிடமும் நற்பெயரைப் படிப்படியாக உயர்த்த வேண்டும்.

நகரத்தார் அமைப்புக்கும் இவற்றுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இரண்டு. விளையாட்டில் நற்பெயர் ஓர் எண். இழந்தால் மீண்டும் ஈட்டலாம். செட்டிநாட்டில் அது குடும்பத்தின் நினைவு, எளிதில் அழியாது. விளையாட்டில் ஒரு குழுவைவிட்டு மற்றொரு குழுவுக்கு மாறலாம். நகரத்தார் கோயிலை விட்டு மாறுவதற்கு வேறு இடம் இல்லை.

நற்பெயரின் எல்லை

இந்த நம்பிக்கை சமூகத்துக்கு உள்ளே மட்டுமே செல்லுபடியாயிற்று. பர்மிய உழவருக்குக் கோயில் மாலையும் இல்லை, விலாசமும் இல்லை. அவரிடம் பிணையாக இருந்தது நிலம் ஒன்றே. 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. உழவர்களால் கடனைத் திருப்ப இயலவில்லை. நிலத்தைவிடப் பணத்தையே விரும்பிய நகரத்தாருக்கும் நிலத்தை எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930 இல் விளைநிலத்தின் சுமார் 6 விழுக்காடு செட்டியார்களிடம் இருந்தது. 1937 இல் அது 25 விழுக்காடாக உயர்ந்தது.

தமக்குள் நாணயம் மிக்கவர்கள் எனப் போற்றப்பட்டவர்கள், நிலம் இழந்த உழவரின் கண்ணில் நிலம் பறித்த அயலாராகத் தோன்றினர். 1942 இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது நகரத்தார் பலர் பர்மாவை விட்டு வெளியேறினர். 1948 இல் பர்மா விடுதலை பெற்று நில நாட்டுடைமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மூன்று தலைமுறைகளின் ஏடுகளில் எழுதப்பட்டிருந்த வரவு, வாராத வரவாயிற்று.

வங்கிகளாக மாறுதல்

தொழில்நுணுக்கம் மட்டும் அழியவில்லை. 1906 இல் சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் முறிந்தபின், 1907 இல் நகரத்தாரின் ஆதரவுடன் இந்தியன் வங்கி தோன்றியது. மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. கருமுத்து தியாகராசச் செட்டியார் 1943 இல் மதுரை வங்கியை நிறுவினார். இவ்வங்கிகளில் கடன் பெற ஒருவர் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்று சொல்ல வேண்டியதில்லை. விலாசம் தாங்கிய நம்பிக்கையை அவற்றில் சட்டமும் பங்கு மூலதனமும் தாங்கின. வங்கிகளின் வருகைக்குப் பின்னும் ஒன்பது கோயில்களும் புள்ளிக் கணக்கும் செட்டிநாட்டில் தொடர்கின்றன.