குழாய் பெரிதானால் சக்தி கூடுமா?
ரோட்டரி இன்ஜினின் காற்றுப் பாதை சொல்லும் அறிவியல்

மாணவர்களே, இன்ஜினுக்குள் அதிகக் காற்று போனால் அதிக எரிபொருளை எரிக்கலாம், அதிகச் சக்தியைப் பெறலாம். இதில் சந்தேகம் இல்லை. அதனால்தான் கார்ப் பிரியர்கள் பலர், “காற்று போகும் குழாயைப் பெரிதாக்கு, சக்தி தானாக வரும்” என்று சொல்கிறார்கள். இது பாதி உண்மைதான். குழாயின் அகலத்தைப் போலவே அதன் நீளமும் முக்கியம். தவறான குழாயைப் பொருத்தினால் பணமும் போகும், சக்தியும் குறையும். இன்ஜினே பழுதாகவும் கூடும்.

இதைப் புரிந்துகொள்ள ரோட்டரி இன்ஜின் நல்ல எடுத்துக்காட்டு. அதன் அமைப்பை முதலில் பார்ப்போம்.

முக்கோணம் சுழலும் இன்ஜின்

வழக்கமான இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். ரோட்டரி இன்ஜினில் பிஸ்டன் இல்லை. அதற்குப் பதிலாக, பக்கங்கள் சற்றே வளைந்த முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று, நீள்வட்டம் போன்ற கூட்டுக்குள் சுழல்கிறது. ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கல் வகுத்த இந்த இன்ஜின், என்எஸ்யூ நிறுவனத்தில் 1957இல் முதன்முதலாக ஓடியது. ஜப்பானின் மஸ்டா நிறுவனம் 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் காரில் அதைப் பொருத்தியது. பிறகு ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 கார்களால் அது உலகப் புகழ் பெற்றது.

ரோட்டரின் 3 பக்கங்களும் கூட்டின் சுவரோடு சேர்ந்து 3 அறைகளை உருவாக்குகின்றன. ரோட்டர் சுழலச் சுழல ஒவ்வோர் அறையும் பெரிதாகிச் சிறிதாகும். பெரிதாகும்போது காற்றை உறிஞ்சும். ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் நடுத்தண்டு 3 சுற்று சுற்றிவிடும். ஆகவே, தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ரோட்டரின் ஓர் அறை காற்றை இழுக்கிறது.

மஸ்டாவின் புகழ்பெற்ற 13பி இன்ஜினில் 2 ரோட்டர்கள் உள்ளன. ஓர் அறையின் கொள்ளளவு 654 சிசி. நிமிடத்திற்கு 6000 சுற்று என்றால் விநாடிக்கு 100 சுற்று. இரு ரோட்டர்களும் சேர்ந்து விநாடிக்குச் சுமார் 130 லிட்டர் காற்றை உறிஞ்ச வேண்டும்!

இந்தக் காற்றைப் பிரித்து ஒவ்வோர் அறைக்கும் கொண்டுபோகும் குழாய்த் தொகுதிதான் இன்டேக் மேனிஃபோல்டு. கார் நிறுவனம் பொருத்தியதைக் கழற்றிவிட்டு, வேறு தயாரிப்பாளர்கள் செய்து விற்கும் மேனிஃபோல்டைச் சிலர் வாங்கிப் பொருத்துகிறார்கள்.

குழாய்க்குள் ஓடும் அலை

குழாயில் காற்று ஆற்று நீர்போல ஒரே சீராக ஓடுவதில்லை. காற்றுத் துளை திறந்து மூடி, திறந்து மூடி இயங்குவதால் குழாய்க்குள் அழுத்த அலைகள் பிறக்கின்றன.

அறை விரியும்போது துளையருகே அழுத்தம் குறைகிறது. இந்தக் குறை அழுத்த அலை, ஒலியின் வேகத்தில் குழாயின் திறந்த முனையை நோக்கி ஓடுகிறது. அங்கே பட்டு, மிகை அழுத்த அலையாக மாறித் திரும்பி வருகிறது. துளை மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேர்ந்தால், கடைசி நேரத்தில் இன்னும் கொஞ்சம் காற்றை அறைக்குள் தள்ளிவிடும். பம்பு எதுவும் இல்லாமலே கூடுதல் காற்று! தாமதமாக வந்தால் கதவு மூடிவிட்டது, பலன் இல்லை. அலைகள் பாடத்தில் நீங்கள் படித்த பட்டுத் திரும்புதல்தான் இங்கே வேலை செய்கிறது.

எவ்வளவு நீளக் குழாய் வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். அலை போய்த் திரும்ப, தண்டு 90 பாகை சுழலும் நேரம் கிடைக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு 32 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்லும்.

6000 சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 0.01 விநாடி ஆகிறது. 90 பாகைக்கு அதில் கால் பங்கு, அதாவது 0.0025 விநாடி. அந்த நேரத்தில் அலை செல்லும் தூரம் 350 × 0.0025 = 0.875 மீட்டர். இது போகவும் வரவும் ஆன தூரம். எனவே குழாயின் நீளம் அதில் பாதி, சுமார் 44 செ.மீ.

இதே கணக்கை 3000 சுற்றுக்குப் போட்டால் சுமார் 88 செ.மீ., 9000 சுற்றுக்குப் போட்டால் சுமார் 29 செ.மீ. வருகிறது. வேகம் கூடக் கூட, தேவையான நீளம் குறைகிறது. புல்லாங்குழலிலும் அப்படித்தான். காற்றுத் தண்டின் நீளம் குறைந்தால் சுருதி கூடும்.

உண்மையான இன்ஜினில் வளைவுகள், காற்றின் சூடு, துளையின் வடிவம் எல்லாம் கணக்கைச் சற்று மாற்றும். ஆனால் அடிப்படை ஒன்றுதான்: ஒரு குறிப்பிட்ட நீளம் ஒரு குறிப்பிட்ட வேகத்திற்கே பொருந்தும்.

நீளத்தை மாற்றிக்கொண்டே ஓடிய கார்

எல்லா வேகத்திற்கும் பொருந்தும் குழாய் கிடையாதா? மஸ்டாவின் பொறியாளர்கள் இதற்கு அழகான வழி கண்டார்கள். 1991ஆம் ஆண்டு பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிய மஸ்டா 787பி காரில், 4 ரோட்டர் கொண்ட 2616 சிசி இன்ஜின் இருந்தது. அதன் காற்றுக் குழாய்கள் தொலைநோக்கியின் குழல்போல ஒன்றுக்குள் ஒன்று நகரும். வேகம் குறைந்தால் நீளும், கூடினால் சுருங்கும். எரிபொருளுக்குக் கட்டுப்பாடு இருந்த அந்தப் பந்தயத்தில் 362 சுற்றுகள் ஓடி, 787பி முதலிடம் பெற்றது. லே மானை வென்ற முதல் ஜப்பானியக் கார் அதுதான்.

சாலைக் கார்களுக்கு 1980களில் மஸ்டா வேறோர் உத்தியைக் கையாண்டது. இரு ரோட்டர்களும் அரைச் சுற்று இடைவெளியில் இயங்குகின்றன. ஒரு ரோட்டரின் துளையருகே பிறக்கும் அழுத்த அலை, மற்றதன் துளை மூடும் தருணத்தில் அங்கே போய்ச் சேரும்படி குழாய்களையும் அவை சந்திக்கும் காற்றுத் தொட்டியையும் அளவெடுத்து அமைத்தார்கள். ஆகவே, பார்ப்பதற்குச் சுற்றி வளைத்துப் போவதாகத் தெரியும் பழைய மேனிஃபோல்டு ஏனோதானோ என்று செய்யப்பட்டதல்ல. அந்த வளைவுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

தேர்வு செய்யும்போது கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: கார் எந்த வேகத்தில் அதிக நேரம் ஓடும்? பந்தயத் தடத்தில் 8000 சுற்றுக்கு மேல் ஓடும் காருக்குக் குட்டையான, அகலமான குழாய் பொருந்தும். வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் காருக்கு நீளமான குழாயே நல்லது. நெரிசலில் 2500 சுற்றில் ஊர்ந்து போகும் காரில் பந்தய மேனிஃபோல்டைப் பொருத்தினால் இழுவிசைதான் குறையும்.

இரண்டாவது: துளைகள் பொருந்துகின்றனவா? 13பி வகையிலேயே 4 காற்றுத் துளை கொண்ட இன்ஜினும் உண்டு, 6 துளை கொண்டதும் உண்டு. ஒன்றின் மேனிஃபோல்டு மற்றதற்குச் சரியாக உட்காராது. 6 துளை இன்ஜினில் கூடுதல் துளைகள் அதிக வேகத்தில் மட்டுமே திறக்கும். அந்த அமைப்பை நீக்கி அவற்றை எப்போதும் திறந்தே வைத்தால், குறைந்த வேகத்தில் இன்ஜின் சோர்ந்துவிடும்.

மூன்றாவது: பழைய மேனிஃபோல்டு வேறு என்னென்ன வேலை செய்தது? எரிபொருள் இன்ஜெக்டர்கள் சில அதில்தான் பொருத்தப்பட்டிருக்கும். பிரேக்கிற்கு உதவும் வெற்றிடக் குழாயும் அதிலிருந்தே போகும். ரோட்டரின் முனைகளில் உள்ள சீல்களுக்கு மசகு எண்ணெய் தேவை. சில மாதிரிகளில் அந்த எண்ணெயின் ஒரு பகுதி மேனிஃபோல்டு வழியாகவே வருகிறது. புதியதில் அதற்கு இடமில்லை என்றால், வேறு வழி செய்யாமல் ஓட்டக் கூடாது. எண்ணெய் இல்லாமல் சீல்கள் விரைவில் தேய்ந்துவிடும்.

மாற்றி அமைக்கும்போது

வாங்கிய மேனிஃபோல்டை அப்படியே பூட்டிவிட முடியாது. குழாயின் வாயும் இன்ஜின் துளையின் வாயும் சமமாகச் சேர வேண்டும். குழாயின் வாய் துளையைவிடப் பெரிதாக இருந்தால், ஓடிவரும் காற்று விளிம்புச் சுவரில் மோதும். நடுவில் வைக்கும் கேஸ்கெட் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தாலும் இதே தொல்லைதான். ஆகவே கேஸ்கெட்டை அச்சாக வைத்துக் கோடு போட்டு, தேவையான இடத்தில் மட்டும் உலோகத்தை அராவுவார்கள்.

ஆசைக்கு அராவினால் என்ன ஆகும்? 40 மி.மீ. விட்டமுள்ள குழாயை 44 மி.மீ. ஆக்கினால் பரப்பளவு 21% கூடுகிறது. அதே அளவு காற்று போனால் அதன் திசைவேகம் சுமார் 17% குறையும். இயக்க ஆற்றல் திசைவேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? எனவே ஒவ்வொரு கிராம் காற்றின் இயக்க ஆற்றலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். 4 மில்லிமீட்டர் செய்யும் வேலை இது!

அராவிய பின் உலோகத் தூள் ஒரு துகள்கூட மிஞ்சாமல் கழுவ வேண்டும். உள்ளே போனால் அது சீல்களையும் கூட்டின் சுவரையும் கீறிவிடும். இணையும் முகப்பு சமதளமாக இருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்ப்பதும் அவசியம்.

ஏன் இவ்வளவு கவனம்? இடுக்கு வழியாகக் காற்று கசிந்து உள்ளே போனாலோ, ஒரு ரோட்டருக்கு மட்டும் கூடுதல் காற்று போனாலோ, அங்கே கலவையில் எரிபொருளின் பங்கு குறைந்துவிடும். டர்போ பொருத்திய இன்ஜினில் இது இன்னும் ஆபத்து. கலவை சீராக எரியாமல் வெடித்து எரியும். அந்த அதிர்ச்சியில் ரோட்டர் முனையில் உள்ள மெல்லிய சீல் உடைந்தால், இன்ஜினையே பிரித்துக் கட்ட வேண்டியதுதான். அதனால், மேனிஃபோல்டை மாற்றியபின் எரிபொருள் அளவையும் கருவிகள் கொண்டு சரிசெய்வார்கள். சாலையில் ஓடும் காராக இருந்தால், மலேசியாவில் ஜேபிஜே, சிங்கப்பூரில் எல்டிஏ விதிகள் அந்த மாற்றத்தை அனுமதிக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

செய்து பாருங்கள்

மூன்று உறிஞ்சுகுழல்களை வெவ்வேறு நீளத்தில் வெட்டுங்கள். ஒரு முனையை விரலால் மூடி, மறுமுனையின் மேல் ஊதுங்கள். எது உயர்ந்த சுருதி தருகிறது? பிறகு மேலே பார்த்த கணக்கை 7500 சுற்றுக்குப் போடுங்கள். 35 செ.மீ. வந்தால் உங்கள் விடை சரி.

அடுத்த முறை யாராவது “பெரிய குழாய் போட்டால் போதும்” என்று சொன்னால், “எந்த வேகத்திற்கு?” என்று கேளுங்கள்.