பல்லில்லாத வாயில் பல்லின் தடயம்

நீலத் திமிங்கிலத்தின் இந்த மேல்தாடையில் ஒரு பல்லும் இல்லை. உயிரோடு இருந்தபோது இங்கே கெரட்டின் தகடுகள் சீப்புப் பற்கள்போல் நெருக்கமாகத் தொங்கின. வாய் நிறைய அள்ளிய கடல்நீரை வடித்து, இறால் போன்ற கிரில்களை நிறுத்திக்கொண்டன.

ஆனால் கருவில் பல்முளைகள் தோன்றி, பிறக்குமுன் கரைந்துவிடுகின்றன. மரபணுக்களிலும் அந்தப் பழைய கணக்கு அழியவில்லை. பல் எனாமலுக்குத் தேவையான எனாமலைசின் மரபணு இன்றும் இருக்கிறது, பழுதாகி. அதற்குள் ஒரு டிஎன்ஏ துண்டு செருகிக்கொண்டுள்ளது. பல்லில்லாத திமிங்கிலக் குடும்பங்கள் அனைத்திலும் அதே துண்டு, அதே இடத்தில்! தனித்தனியே இப்படி நேர வாய்ப்பு மிகக் குறைவு. பொது மூதாதையிடமே பழுது நேர்ந்திருக்கிறது.

இத்தகைய செருகல்களைத் தடம்பிடித்தே, திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் காட்டினார்கள்.