சிவப்பு ஏன் மஞ்சளானது? ஓர் அச்சுப்பொறி கற்றுத் தந்த அறிவியல்

கிள்ளானில் என் அக்கா ஒரு சிறிய டியூஷன் மையம் நடத்துகிறார். மூன்று ஆசிரியர்கள், ஓர் அலுவலக அறை, ஒரே ஒரு வண்ண அச்சுப்பொறி. நீண்ட விடுமுறை முடிந்து மையம் திறந்த முதல் நாளில், நான்காம் படிவ மாணவர்களுக்கு இதயத்தின் படத்தை அச்சிட்டுக் கொடுத்தார்கள். தமனி சிவப்பாகவும் சிரை நீலமாகவும் இருக்க வேண்டும். தாளில் தமனி மஞ்சளாகவும் சிரை வெளிர்நீலமாகவும் வந்தன. "சார், இந்த ஆளுக்கு மஞ்சள் காமாலையா?" என்று ஒரு மாணவன் கேட்க, வகுப்பே சிரித்ததாம்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாலையில் எனக்குத் தொலைபேசி வந்தது. "தம்பி, நீ சொல்லித்தானே இதை வாங்கினேன்? இப்போது புது மையும் வாங்கிப் போட்டுவிட்டேன். அப்படியும் சிவப்பு வரவில்லையே!"

உண்மைதான். கடையில் மலிவாகக் கிடைத்த அந்த அச்சுப்பொறியை வாங்கச் சொன்னவன் நான். அறிவியல் ஆசிரியராக இருந்தும், விலையை மட்டுமே பார்த்தேனே தவிர அது வேலை செய்யும் விதத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவது முறை அந்தத் தவற்றைச் செய்யக்கூடாது என்று உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன், மாணவர்களே.

காணாமல் போன நிறம்

அச்சுப்பொறியில் சிவப்பு மை கிடையாது. நீலமும் பச்சையும்கூடக் கிடையாது. இருப்பவை சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கே. கணினித் திரை ஒளியை உமிழ்கிறது. தாள் ஒளியைப் பிரதிபலிக்கிறது. எனவே, தாளில் ஒவ்வொரு மையும் வெள்ளொளியிலிருந்து ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும் வேலையைச் செய்கிறது. சியான் சிவப்பு ஒளியையும், மெஜந்தா பச்சை ஒளியையும், மஞ்சள் நீல ஒளியையும் உறிஞ்சுகின்றன.

மெஜந்தாவையும் மஞ்சளையும் ஒன்றின்மேல் ஒன்றாக இட்டால் பச்சையும் நீலமும் உறிஞ்சப்பட்டு, சிவப்பு மட்டும் நம் கண்ணுக்கு வருகிறது. சியானும் மெஜந்தாவும் சேர்ந்தால் நீலம். இப்போது மெஜந்தாவை நீக்கிப் பாருங்கள். சிவப்பில் மஞ்சள் மட்டும் மிஞ்சும். நீலத்தில் சியான் மட்டும் மிஞ்சும். அக்காவின் தாளில் நடந்தது இதுதான். நோயாளி படத்தில் இருந்தவர் அல்லர், மெஜந்தா மைக்குழல்தான்!

மூன்று வண்ணங்களையும் சேர்த்தால் கறுப்பு வர வேண்டுமே, தனியாக எதற்குக் கறுப்பு மை என்று கேட்கலாம். நடைமுறையில் அது கலங்கிய பழுப்பாகத்தான் வரும், தாளும் ஈரமாகிவிடும். எழுத்துகள் தெளிவாக விழக் கறுப்பு மை தேவை.

மை பீய்ச்சும் பொறி

அக்காவிடம் இருந்தது மைப்பீய்ச்சு வகை, அதாவது இங்க்ஜெட். இதன் தலைப்பகுதியில் தலைமுடியைவிட நுண்ணிய துளைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. மையை வெளியே தள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நுண்ணிய வெப்பமூட்டி மையைக் கணப்பொழுதில் கொதிக்க வைக்கும். உருவாகும் நீராவிக் குமிழி ஒரு துளியை வெளியே தள்ளும். மற்றொன்று, மின்னழுத்தம் கொடுத்தால் வடிவம் மாறும் அழுத்தமின் படிகம் மையைப் பிழிந்து தள்ளும். அழுத்தமின் விளைவின் அடிப்படையை 1880-இல் கண்டறிந்தவர்கள் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும்.

படங்களை அழகாக அச்சிடுவதில் இந்த வகை சிறந்தது. மின்சாரமும் குறைவாகவே செலவாகும். ஆனால், மை திரவம். வாரக்கணக்கில் பயன்படுத்தாமல் விட்டால் துளையின் வாயிலேயே உலர்ந்துவிடும். அதைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் பொறி நல்ல மையைப் பீய்ச்சி வீணாக்கும். விடுமுறைதோறும் மூடிக்கிடக்கும் ஒரு மையத்துக்கு இந்தப் பொறியைப் பரிந்துரைத்தது என் பிழை.

சீப்பும் லேசரும் ஒன்றுதான்

உலர்ந்த தலைமுடியில் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துண்டுகளை ஈர்க்கச் செய்திருப்பீர்கள். லேசர் அச்சுப்பொறியின் உயிர்நாடி அதே நிலைமின்னியல்தான்.

உள்ளே ஒளி உணரும் உருளை ஒன்று இருக்கிறது. முதலில் அதன் மேற்பரப்பு முழுவதும் எதிர் மின்னூட்டம் பெறுகிறது. அச்சாக வேண்டிய இடங்களில் மட்டும் லேசர் ஒளி பட, அங்கே மின்னூட்டம் வடிந்துவிடுகிறது. எதிர் மின்னூட்டம் கொண்ட டோனர் தூள், மின்னூட்டம் வடிந்த இடங்களில் மட்டும் ஒட்டுகிறது. மற்ற இடங்கள் அதை விலக்குகின்றன. பின்னர், நேர் மின்னழுத்தத்தின் ஈர்ப்பால் தூள் தாளுக்கு மாறுகிறது. இறுதியில் 200 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் உருளைகள் தாளை அழுத்த, தூளில் உள்ள பிளாஸ்டிக் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்கிறது. வெளியே வரும் தாள் சூடாக இருப்பது அதனால்தான். வண்ண லேசரில் இந்த ஏற்பாடு நான்கு நிறங்களுக்கும் தனித்தனியே நடக்கிறது.

இந்த முறையின் தொடக்கம் 1938 அக்டோபர் 22. நியூயார்க்கில் செஸ்டர் கார்ல்சன் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டி, எழுத்துகள் கொண்ட கண்ணாடியின் வழியே ஒளியைப் பாய்ச்சி, மேலே தூளைத் தூவி முதல் நகலை எடுத்தார். 1970-களின் தொடக்கத்தில் கேரி ஸ்டார்க்வெதர் அதே முறையோடு லேசரை இணைத்தார்.

தூள் உலர்ந்து போகாது, ஏனென்றால் அது ஏற்கெனவே உலர்ந்ததுதான். இரண்டு மாதம் மூடிக்கிடந்தாலும் லேசர் பொறி கவலைப்படாது. ஆனால், நம் நாட்டின் ஈரக்காற்று தாளைத் தொல்லைப்படுத்தும். ஈரம் உறிஞ்சிய தாளில் மின்னூட்டம் கசிவதால் அச்சு வெளிறும். சூட்டு உருளையில் ஈரம் ஆவியாகும்போது தாள் சுருண்டு சிக்கிக்கொள்ளும். எனவே, தாள்கட்டின் உறையைத் தேவைப்படும்போது மட்டும் பிரியுங்கள். மிச்சத்தை உறையிலேயே மூடி வையுங்கள்.

விலைச்சீட்டு சொல்லாத கணக்கு

இப்போது கணிதம். புரிந்துகொள்வதற்காக இரண்டு பொறிகளைக் கற்பனை செய்வோம்.

பொறி 'அ': விலை 300 ரிங்கிட். 200 பக்கம் வரும் கறுப்பு மை 40 ரிங்கிட். அதே அளவு பக்கம் வரும் வண்ண மை 60 ரிங்கிட். ஆக, 100 ரிங்கிட்டை 200-ஆல் வகுத்தால் ஒரு வண்ணப் பக்கத்துக்கு 50 சென்.

பொறி 'ஆ': விலை 1,200 ரிங்கிட். 3,000 பக்கம் வரும் கறுப்பு டோனர் 210 ரிங்கிட். அதே அளவு வரும் மூன்று வண்ண டோனர்கள் சேர்ந்து 540 ரிங்கிட். ஆக, 750 ரிங்கிட்டை 3,000-ஆல் வகுத்தால் 25 சென்.

விலை வேறுபாடு 900 ரிங்கிட். பக்கத்துக்கு மிச்சம் 25 சென். 900-ஐ 0.25-ஆல் வகுத்தால் 3,600 பக்கம். மாதம் 300 வண்ணப் பக்கம் அச்சிட்டால், ஓராண்டில் இரண்டின் செலவும் சமமாகிவிடும். அதற்குப் பிறகு 'மலிவான' பொறிதான் விலை உயர்ந்தது!

பெட்டியில் காணப்படும் பக்க எண்ணிக்கை, அனைத்துலகத் தரநிலையின் மாதிரிப் பக்கங்களைக் கொண்டு அளக்கப்படுவது. நீங்கள் தாள் முழுவதும் வண்ணம் நிரப்பினால் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறையும். புதிய பொறியோடு வரும் டோனர் பல சமயங்களில் முழு அளவில் இருக்காது என்பதையும் கடைக்காரரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

இன்னொரு எண்ணும் ஏமாற்றும். 'மாத உச்ச அளவு' என்பது பொறி தாங்கக்கூடிய எல்லை. 'பரிந்துரைக்கப்படும் மாத அளவு' என்பதே அது நலமாக உழைக்கும் அளவு. ஒருவரால் ஒருநாள் பத்துக் கிலோமீட்டர் ஓட முடியும் என்பதற்காக அவரைத் தினமும் ஓடச் சொல்வோமா?

மூவருக்கும் ஒரே பொறி

மூன்று ஆசிரியர்களும் தத்தம் மடிக்கணினியிலிருந்து அச்சிட வேண்டுமானால், பொறி பிணையத்தில் இருக்க வேண்டும். பிணையத்தில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் வீட்டு எண் போல ஓர் ஐபி முகவரி உண்டு. அதை வழக்கமாக ரௌட்டர் தானாக வழங்கும். மின்தடைக்குப் பிறகு பொறிக்கு வேறு எண் கிடைத்தால், பழைய முகவரியையே தேடும் கணினி 'பொறி இணைப்பில் இல்லை' என்று சொல்லிவிடும். பொறி பழுதாகவில்லை, வீடு மாறிவிட்டது, அவ்வளவுதான். ரௌட்டரில் அந்தப் பொறிக்கு ஒரே முகவரியை ஒதுக்கி வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

முடிந்தால் வைஃபைக்குப் பதிலாகப் பிணையக் கம்பியில் இணைப்பது நல்லது. சுவர்களும் பக்கத்துக் கடைகளின் வைஃபையும் கம்பியைத் தொந்தரவு செய்யாது. பொறியின் தொடக்கக் கடவுச்சொல்லையும் மாற்ற மறக்காதீர்கள். தேர்வுத்தாள் அச்சாகும் பொறி ஆயிற்றே!

நாங்கள் எடுத்த முடிவு

கடைக்குப் போகும் முன் நான்கு கேள்விகளைத் தாளில் எழுதினோம். மாதம் எத்தனை பக்கம்? எத்தனை நாள் சும்மா இருக்கும்? படமா, எழுத்தா? எத்தனை பேர் பயன்படுத்துவார்கள்? பதில்கள்: ஏறக்குறைய 300, விடுமுறைகளில் வாரக்கணக்கில், பெரும்பாலும் எழுத்து, இடையிடையே வரைபடம், மூவர். இந்தப் பதில்கள் பிணைய வசதியுள்ள வண்ண லேசரைச் சுட்டின. நாள்தோறும் ஏராளமாக வண்ணத்தில் அச்சிடும் அலுவலகமாக இருந்தால், மைத்தொட்டி உள்ள இங்க்ஜெட் இன்னும் சிக்கனமாக அமைந்திருக்கும். எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பொறி என்று எதுவும் இல்லை.

அடுத்த விடுமுறை முடிந்து மையம் திறந்தபோது, அக்கா முதல் வேலையாக அதே இதயப் படத்தை அச்சிட்டு எனக்குப் படமெடுத்து அனுப்பினார். தமனி சிவப்பு, சிரை நீலம். கீழே ஒரு வரி: "ஆளுக்குக் காமாலை குணமாகிவிட்டது."

செய்து பாருங்கள்: இந்த நாளிதழின் வண்ணப் படம் ஒன்றை உருப்பெருக்கியில் பாருங்கள். சிவப்பு நிறப் பகுதியில் எந்தெந்த நிறப் புள்ளிகள் தெரிகின்றன? பிறகு, உங்கள் பள்ளி அச்சுப்பொறியின் மை விலையையும் பக்க எண்ணிக்கையையும் கேட்டறிந்து, ஒரு பக்கத்துக்கு எத்தனை சென் என்று கணக்கிடுங்கள். விடை தெரிந்த பிறகு, தேவையில்லாத பக்கத்தை அச்சிட உங்கள் விரல் தயங்கும்.